பழைய ஆட்டமும் புதிய கையும்

சென்ற நோன்புப் பெருநாளுக்கு முன், கோவையிலுள்ள நம் இல்லத்தின் பரணைத் துப்புரவு செய்தபோது அரபு எழுத்துகள் அச்சிட்ட அட்டைப்பெட்டி ஒன்று கிடைத்தது. உள்ளே ஒரு டிவி கேம், இரண்டு ஜாய்ஸ்டிக்குகள், ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி, மஞ்சள் நிறத்தில் மூன்று கேசட்டுகள். 1996இல் குவைத்தில் பணிபுரிந்த நம் மைத்துனர் விடுமுறையில் வந்தபோது நம் இளவலுக்கென வாங்கி வந்த பொருள் அது. அதைப் பரணில் ஏற்றியவர் வேறெவருமல்லர், நாமே. மத்ரஸாக் கல்வியை முடித்து முதுகலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த அந்நாளில், "வீண்பொழுது" என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்துப் பெட்டியைக் கட்டி மேலே போட்டோம். ஒருமுறையேனும் அதை ஆடிப் பார்த்தோமில்லை.

இளவலின் மகனுக்கு இப்போது 14 வயது. பெட்டியைக் கண்டதும் ஆவலோடு எடுத்துச் சுவரிலிருந்த தட்டை டிவியில் இணைத்தான். கேசட்டைச் செருகியும் படம் வரவில்லை. அவனுடைய தந்தை அதை வாங்கி, வாயருகே வைத்து ஒருமுறை ஊதி மீண்டும் செருகினார், படம் வந்தது. ஊதியதால்தான் வந்ததென்று அவர் இன்றும் நம்புகிறார். சிறுவன் சூப்பர் மாரியோவை ஆடினான்; முதலில் எதிர்ப்பட்ட காளான் பூதத்தின்மீதே மோதி உயிரிழந்தான். மும்முறை இவ்வாறே நிகழ்ந்தது. பிறகு துப்பாக்கியை எடுத்து வாத்துகளைச் சுட்டான். ஒரு வாத்தும் விழவில்லை. ஐந்து நிமிடங்களில் எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டு, "இது ரொம்பப் பழசு பெரியத்தா" என்றான்.

அச்சொல் நமக்குப் புதிதன்று. ஆண்டுதோறும் நம் வகுப்பில் அதைக் கேட்டு வருகிறோம். இஸ்லாத்திற்கு முற்பட்ட அரபுக் கவிதையைப் பாடமாகத் தொடங்கும் நாளில், பாழ்பட்ட கூடாரத் தடத்தின்முன் நின்று கவிஞன் கலங்குவதைச் சொல்லும்போது, "இது மிகப் பழையதாயிற்றே, ஹஜ்ரத்" என ஒரு மாணவராவது கூறாமல் இருப்பதில்லை. அவரைச் சோம்பேறி என்று நாம் கடிந்துகொள்வது வழக்கம். அன்று மாலை ஓர் உண்மை உறைத்தது. மாணவர் கவிதைக்கு அளித்த தீர்ப்பும், சிறுவன் ஆட்டத்திற்கு அளித்த தீர்ப்பும், 1996இல் நாம் பெட்டிக்கு அளித்த தீர்ப்பும் ஒரே வகையைச் சார்ந்தவை. மூன்றிலும் தீர்ப்பு இருந்தது, விசாரணை இல்லை.

பழைய வீடியோ விளையாட்டுகள் இன்றைய இளைஞர்க்கு ஏன் காலாவதியானவையாகத் தோன்றுகின்றன என்ற வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. இது சிறு பிள்ளைகளின் பொருளாயிற்றே, ஆய்வுக்குரியதா என்று வாசகர் எண்ணக்கூடும். பொருள் சிறியதாயினும் வினா பெரியது. நம் முன்னோர் மிகுந்த கவனத்தோடு ஆராய்ந்த வினாவும் அதுவே.

ஒரு பழைய வழக்கு

ஹிஜ்ரி 276இல் (கி.பி. 889) மறைந்த இப்னு குதைபா, கவிதையையும் கவிஞர்களையும் பற்றிய தமது நூலின் முன்னுரையில் ஒரு நெறியை வகுத்தார். முற்காலத்தவர் என்பதற்காக ஒருவரை உயர்த்துவதும், பிற்காலத்தவர் என்பதற்காக ஒருவரைத் தாழ்த்துவதும் நீதியன்று என்பது அந்நெறியின் சாரம். அவர் அதை எழுத வேண்டியிருந்ததற்குக் காரணம் உண்டு. அன்றைய அறிஞருள் பலர் பழமையின் பெயரால் மட்டுமே கவிதையை மதித்தனர்.

இதற்கொரு நிகழ்ச்சியை அபூபக்ர் அஸ்ஸூலி (மறைவு ஹி. 335) பதிவு செய்துள்ளார். மொழியறிஞர் இப்னுல் அஃராபியிடம் ஒரு பாடல் வாசிக்கப்படுகிறது. பழங்காலத்துப் பாலைநிலக் கவிஞனின் பாடல் எனக் கருதிய அவர் அதை வியந்து, எழுதி வைக்கச் சொல்கிறார். அது தம் காலத்தவரான அபூதம்மாமின் பாடல் என்று பின்னர்த் தெரியவந்ததும், எழுதியதைக் கிழித்தெறியுமாறு கூறிவிடுகிறார். பாடலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது அதன் வயது பற்றிய செய்தி மட்டுமே.

இன்று நாம் காண்பது இதன் மறுதலை. அன்று 'புதிது' என்ற சொல் ஒரு நல்ல பாடலைக் கிழித்தது. இன்று 'பழசு' என்ற சொல் ஒரு நல்ல ஆட்டத்தைப் பரணில் ஏற்றுகிறது. நம் வீட்டுச் சிறுவனே இதற்குச் சான்று. 2011இல் முழுமையாக வெளிவந்த மைன்கிராஃப்டை அவன் மணிக்கணக்கில் ஆடுகிறான். அதன் உலகம் முழுவதும் கட்டம் கட்டமான சதுரங்களால் ஆனது. மரமும் மாடும் மனிதனும் செங்கல் அடுக்கியது போலவே இருப்பர். அதை அவன் ஒருபோதும் பழசு என்றதில்லை. அவ்வாறாயின், மாரியோவின் சதுரப் புள்ளிகள் அவனைத் துரத்தியிருக்க இயலாது. காரணம் வேறிடத்தில் இருக்கிறது.

அக்காரணத்தை மூன்றாகப் பகுத்துக் காண்பது பொருந்தும் எனக் கருதுகிறோம். ஒன்று, ஆட்டத்தைத் தாங்கிய கருவியின் முதுமை. இரண்டு, ஆடுவோன் கையின் மறதி. மூன்று, ஆட்டத்தில் இயல்பாகவே உள்ள குறை. இம்மூன்றையும் ஒன்றாகக் கலந்து 'பழசு' என்ற ஒற்றைச் சொல்லில் அடைப்பதே பிழை. முதல் இரண்டும் ஆட்டத்தின் குற்றங்கள் அல்ல. மூன்றாவது மட்டுமே அதன்மீது சாற்றத்தக்கது.

கருவியின் முதுமை

வாத்துகள் ஏன் விழவில்லை? விடை எளிது. அந்தத் துப்பாக்கி எதையும் வெளியே செலுத்துவதில்லை, அது பார்க்கிறது. அதன் குழலுக்குள் ஒளியை உணரும் சிறு கண் உண்டு. விசையை அழுத்தியவுடன் திரை ஒரு கணம் முழுவதும் கறுக்கிறது; அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெண்கட்டம் ஒன்று தோன்றி மறைகிறது. குழல் அந்த வெண்மையைக் கண்டால் குறி தப்பவில்லை எனப் பெட்டி அறிந்துகொள்கிறது. இவையனைத்தும் மனிதக் கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் நிகழ்கின்றன. பிக்சர் டியூப் டிவியில் சைகை வந்த அக்கணமே படம் தோன்றும். இன்றைய தட்டை டிவியோ வந்த படத்தைச் சீரமைத்துச் சற்றே தாமதித்துக் காட்டுகிறது. மேலும், பிக்சர் டியூப் ஒளிரும் முறைக்கென்றே அந்தத் துப்பாக்கியின் கண் பழக்கப்பட்டது. ஆகவே வாத்துகள் சாகாதது சுட்டவனின் குற்றமும் அன்று. 1984இல் அந்த ஆட்டத்தை வகுத்தவர்களின் குற்றமும் அன்று.

பொள்ளாச்சியில் நம் உறவினர் ஒருவர் இல்லத்தில், 2006 முதல் 2011 வரை தமிழக அரசு வழங்கிய 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சி ஒன்று இன்னும் இயங்குகிறது. பெருநாளன்று பெட்டியை அங்கே எடுத்துச் சென்றோம். முதல் குண்டிலேயே வாத்து விழுந்தது. சிறுவன் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். படமும் வேறாகத் தெரிந்தது. தட்டை டிவியில் கூர்மையான படிக்கட்டுகளாகத் தெரிந்த விளிம்புகள், இங்கே ஒன்றோடொன்று இழைந்து வளைவுகளாயின. அக்காலத்து ஓவியர்கள் அந்தக் கண்ணாடியின் கசிவைக் கணக்கில் கொண்டே புள்ளிகளை வைத்தனர். கசிவை நீக்கிவிட்டுப் புள்ளிகளைக் குறைகூறுவது, இசையை நீக்கிவிட்டுப் பாட்டைக் குறைகூறுவதற்கு ஒப்பாகும்.

இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. ஜப்பானில் இவ்வாட்டங்கள் நொடிக்கு ஏறத்தாழ 60 படங்கள் என்ற கணக்கில் ஆக்கப்பட்டன. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையான பால் முறையில் அது 50. அம்முறைக்கெனச் செய்யப்பட்ட பெட்டிகளில் மாரியோ ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே ஓடினார். இசையும் அவ்வாறே மந்தமாக ஒலித்தது. ஆகவே நம் பிள்ளைகளின் நினைவிலுள்ள மாரியோ, மியாமோட்டோ ஷிகேரு 1985இல் வகுத்த மாரியோ அல்லர். அவருடைய சற்றே சோர்ந்த உறவினர். பழையது மந்தமாயிருந்தது என்று சொல்வோர், எந்தப் பெட்டியில் கண்ட பழையது என்பதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர்.

நம் வகுப்பறைக்கு இதில் ஒரு பாடமுண்டு. பழைய அரபுக் கவிதை செவிக்கென ஆக்கப்பட்டது. கூட்டத்தின்முன் நின்று ஓதப்பட்டது. உமறுப் புலவரின் சீறாப்புராணமும் பாடி விளக்கிய அவைகளில்தான் வாழ்ந்தது. அவற்றை அச்சிட்ட தாளில், வாய் திறவாமல், தேர்வு வினாவுக்கென மாணவரைப் படிக்கச் செய்கிறோம். தட்டை டிவியில் வாத்துச் சுட வைக்கிறோம் என்பதே அதன் பொருள்.

கையின் மறதி

சிறுவன் முதல் பூதத்திடமே மும்முறை மடிந்தான் என்றோம். அவனுடைய விரல்கள் கண்ணாடியைத் தடவிப் பழகியவை. பொத்தானை அழுத்திப் பழகியவை அல்ல. மாரியோவில் ஒரு பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்துகிறோமோ அவ்வளவு உயரம் தாவலாம். மற்றொன்றை அழுத்தியபடியே சென்றால் ஓடலாம். ஓட்டத்தை நிறுத்தினால் கால் சற்று வழுக்கும். இவை எங்கும் எழுதப்பட்டில்லை. ஆனால் ஆட்டத்தின் முதல் திரையே இவற்றைப் போதிக்கும் வண்ணம் அமைந்துள்ளது. நாயகன் இடப்புறம் நிற்க, வலப்புறம் வெற்றிடம் இருக்கும். ஆகவே வலப்புறம் செல்வான். எதிரி ஒன்று மெல்ல வரும். ஆகவே தாவக் கற்பான். தாவும்போது தலை கட்டத்தில் இடித்தால் காளான் ஒன்று வெளிப்பட்டு, குழாயில் மோதித் திரும்பி அவனை நோக்கியே வரும். ஆகவே நன்மை தரும் காளானும் உண்டென அறிவான். ஒரு சொல்லும் இன்றி நடத்தப்பட்ட பாடம் இது. மொத்த ஆட்டமும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இடம் போதாமையால் வானத்து மேகத்தையும் தரையின் புதரையும் ஒரே உருவத்தால் வரைந்து நிறத்தை மட்டும் மாற்றியுள்ளனர். இன்று கைப்பேசியில் நாம் எடுக்கும் ஒரு நிழற்படம் இதைப்போல் பன்மடங்கு இடம் கொள்கிறது.

எனினும் எல்லா ஆட்டங்களும் தம்மைத் தாமே விளக்குவதில்லை. 1989இல் ஜோர்டன் மெக்னர் வெளியிட்ட பிரின்ஸ் ஆஃப் பெர்சியா இதற்குச் சான்று. கோவையின் கணினிப் பயிற்சி மையங்களில் 1990களில் பயின்றோர் இதை நன்கறிவர். மெக்னர் தம் தம்பியை வெண்ணிற உடையில் ஓடவும் தாவவும் தொங்கவும் செய்து படம்பிடித்து, அப்படங்களைப் பார்த்து ஒவ்வோர் அசைவையும் வரைந்தார். எனவே இளவரசனின் உடலுக்கு எடை உண்டு. ஓடத் தொடங்கினால் உடனே நிற்கமாட்டான். தாவ முற்பட்டால் நடுவில் மனம் மாறமாட்டான். விரல் நினைத்ததும் உருவம் திரும்பும் ஆட்டங்களுக்குப் பழகியவர், "சொன்னபடி கேட்பதில்லை" என்று இதனை வெறுக்கின்றனர். அது கேட்கிறது, முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று மட்டும் எதிர்பார்க்கிறது. அடியெடுக்குமுன் எண்ணிப் பார்ப்பதே அந்த ஆட்டத்தின் சாரம். 60 நிமிடக் கெடுவுக்குள் நிதானத்தைக் கோருவதே அதன் நயம்.

அன்றைய சிறுவர் இந்நுணுக்கங்களை எவ்வாறு கற்றனர்? நம் ஊருக்கு வந்த மஞ்சள் கேசட்டுகளுடன் விளக்கக் கையேடு எதுவும் வந்ததில்லை. '9999999 ஆட்டங்கள்' என்ற பொய்யான தலைப்பு மட்டுமே வந்தது. தெருவில் ஒருவன் கண்டதை இன்னொருவனுக்குச் சொன்னான். அவன் அடுத்தவனுக்குச் சொன்னான். கோண்ட்ராவின் அமெரிக்கப் பதிப்பில் குறிப்பிட்ட வரிசையில் பொத்தான்களை அழுத்தினால் 30 உயிர் கிடைக்கும் என்ற செய்தி, கையேடின்றி உலகின் பல ஊர்களுக்குப் பரவியது. இவ்வாட்டங்களுக்கு வாய்வழி விளக்கவுரை ஒன்று இருந்தது. தெருவே அதன் பள்ளி. இன்று கேசட் கிடைக்கிறது. அந்தத் தெரு இல்லை. மத்ன் கையிலிருக்க, ஷரஹ் தொலைந்துபோன நிலை இது. உரையின்றி மூலத்தை மட்டும் கையில் கொடுத்தால் எம்மாணவரும் ஐந்து நிமிடங்களில் அதை மூடிவைப்பார்.

கையின் மறதி மீட்கத்தக்கது என்பதற்கும் சான்றுண்டு. அலெக்ஸி பாஜிட்னோவ் 1984இல் மாஸ்கோவில் உருவாக்கிய டெட்ரிஸ் அனைவரும் அறிந்ததே. அதன் 1989ஆம் ஆண்டு நின்டெண்டோ பதிப்பை மனிதர் எவரும் அதன் எல்லைவரை ஆட இயலாது என்றே நெடுங்காலம் எண்ணினர். 2023 டிசம்பரில் அமெரிக்காவின் ஓக்லஹோமாவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவன், நிரலே திணறி உறைந்து நிற்கும் இடம்வரை அதை ஆடிக் காட்டினான். அவன் பிறப்பதற்கு இரு பதிற்றாண்டுகளுக்கு முன்னரே வெளியான ஆட்டம் அது. பொத்தானை மேலிருந்து அழுத்துவதை விடுத்து, பின்புறமிருந்து விரல்களை உருட்டித் தட்டும் புதிய கைப்பழக்கமே அதற்கு வழிவகுத்தது. ஆட்டம் மாறவில்லை, கை மாறிற்று. பழைய மூலத்திலிருந்து முன்னோர் காணாத பொருளைப் பின்னோர் காண இயலும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உவமை வேண்டுமோ!

ஆட்டத்தின் குறை

இதுவரை கூறியதால், பழையவை யாவும் நல்லவை என நாம் வாதிடுவதாக வாசகர் கருதலாகாது. அது இப்னுல் அஃராபியின் பிழைக்கே நம்மைத் திரும்ப இட்டுச் செல்லும்.

காசு போட்டு ஆடும் இயந்திரங்களுக்கென ஆக்கப்பட்டவற்றுள் பல, ஆடுவோனை விரைவில் தோற்கடித்து அடுத்த காசைப் பெறுவதையே குறிக்கோளாகக் கொண்டவை. அவற்றின் கடுமையில் போதனை இல்லை. வசூல் மட்டுமே உண்டு. அக்கடுமை வீட்டுப் பெட்டிக்கும் அப்படியே வந்து சேர்ந்தது. மூன்று உயிரும் போனால் முதலிலிருந்தே தொடங்கவேண்டும்; விட்ட இடத்தைக் குறித்துவைக்க வழியில்லை. கருவி எளியதாயிருந்தது இதற்கு ஒரு காரணம்; பேராசை மற்றொரு காரணம். இவ்வகை ஆட்டங்களை இன்றைய பிள்ளைகள் ஒதுக்கினால் அவர்களைக் குறைகூற இடமில்லை. அவை வெளிவந்த நாளிலும் குறையுடையனவே.

இரண்டாவது குறை உள்ளடக்கத்தைச் சார்ந்தது. பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவின் அசைவை மெச்சினோம். அதன் கதையை மெச்ச இயலவில்லை. சுல்தான் ஊரில் இல்லை. கொடிய மந்திரி அவர் மகளைச் சிறைவைக்கிறான். அவன் பெயர் ஜாஃபர். வரலாற்றில் ஜாஃபர் அல்பர்மகீ, கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் அமைச்சர், ஹி. 187இல் (கி.பி. 803) கொல்லப்பட்டவர். ஆயிரத்தோர் இரவுகளிலும் அவர் கலீஃபாவுடன் இரவில் நகர் சுற்றும் துணைவராகவே வருகிறார். 1940இல் வெளியான 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' திரைப்படம் அப்பெயரைச் சூழ்ச்சிக்கார வில்லனுக்குச் சூட்டியது. அவ்வழக்கம் இந்த ஆட்டத்திலும், பின்னர் வந்த கார்ட்டூன் படங்களிலும் தொடர்ந்தது. பாரசீகம், அரபகம், இந்தியா யாவற்றையும் ஒரே குமிழ்மாடத்தின்கீழ் குழைத்துப் பூசிய கீழைத்தேயம் அது. இக்குறையை எந்தப் பிக்சர் டியூபும் நீக்காது. எந்தக் கைப்பழக்கமும் போக்காது. 2024 ஜனவரியில் இதே வரிசையில் வெளிவந்த 'தி லாஸ்ட் கிரவுன்', பாத்திரங்களைப் பாரசீக மொழியிலேயே பேசக் கேட்கும் வசதியை அளித்துள்ளது. இவ்வொன்றில் புதியது பழையதை வென்றது, ஒப்புக்கொள்வோம்.

மறுபதிப்பு என்னும் சோதனை

மூன்றையும் பிரித்தறியாமல் பழையதைப் புதுப்பிக்கப் புகுந்தால் என்ன நேரும் என்பதற்கு அண்மைய எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. 2000களில் தமிழகத்துப் பிரவுசிங் சென்டர்களில் பிள்ளைகள் முண்டியடித்து ஆடிய வைஸ் சிட்டி (2002), அதன்பின் வந்த சான் ஆண்ட்ரியாஸ் (2004) ஆகிய ஜி.டி.ஏ. ஆட்டங்களை வாசகர் பலர் கேள்வியுற்றிருப்பர். அவற்றின் வன்முறையும் ஒழுக்கக்கேடும் நமக்கு உடன்பாடானவை அல்ல. பிள்ளைகள் கையில் அவை தரத்தக்கவையும் அல்ல. இங்கே நாம் நோக்குவது புதுப்பித்த முறையை மட்டுமே.

2021 நவம்பரில் இவ்வரிசையின் மூன்று ஆட்டங்கள் 'முடிவான பதிப்பு' எனும் பெயரில் மெருகேற்றி வெளியிடப்பட்டன. சான் ஆண்ட்ரியாஸின் பழைய பதிப்பில் தொலைவெல்லாம் மூடுபனி கவிந்திருக்கும். அன்றைய கருவியால் தொலைவை வரைய இயலாததே அதற்குக் காரணம். புதிய கருவிக்கு அத்தடை இல்லையாதலால் பனியை நீக்கினர். உயரத்திலிருந்து நோக்கிய ஆட்டக்காரர்கள் திகைத்தனர். ஒரு மாநிலமாக அவர்கள் மனத்தில் விரிந்திருந்த நிலம், கைக்குட்டை அளவாய்ச் சுருங்கிக் கிடந்தது. மூன்று நகரங்களும் ஒன்றையொன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. எதிர்ப்பு வலுத்து, வெளியீட்டாளர் அம்மாதமே பொதுவில் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. 2024 நவம்பரில் பழைய ஒளியமைப்பைத் திரும்பத் தரும் திருத்தம் வெளிவந்தது.

கருவியின் இயலாமையில் தோன்றிய பனி, காலப்போக்கில் படைப்பின் உறுப்பாகிவிட்டது என்பதே இதன் விளக்கம். கருவியின் குறை எது, படைப்பின் அங்கம் எது என்று பகுத்தறியாதவர் பழையதைத் தொடலாகாது. சுவடியைப் பதிப்பிப்போர்க்கும் உரையெழுதுவோர்க்கும் இவ்விதி பொருந்தும்.

ஸூலியின் பலகை

மேலே சொன்ன அஸ்ஸூலி, அபூதம்மாமுக்காக வாதாடியவர் மட்டுமல்லர். தம் காலத்தின் தலைசிறந்த சதுரங்க ஆட்டக்காரரும் ஆவார். கலீஃபா அல்முக்தஃபியின் அவையில், ஆதரவு பெற்றிருந்த அல்மாவர்தீ என்ற ஆட்டக்காரரை அவர் வென்ற செய்தி புகழ்பெற்றது. அவர் ஆடிய ஷத்ரஞ்சில் இன்றைய ராணி இல்லை. அவ்விடத்தில் ஃபிர்ஸான் என்னும் மந்திரி இருந்தது. அது மூலைவாட்டில் ஒரு கட்டம் மட்டுமே நகரும். யானை மூலைவாட்டில் இரண்டாம் கட்டத்துக்குத் தாவும், அவ்வளவே. படைகள் ஒன்றையொன்று நெருங்கவே நெடுநேரம் பிடிக்கும். ஆகவே அன்றைய ஆட்டக்காரர்களே பொறுமையிழந்து, தஅபிய்யா எனப்பட்ட முன்வகுத்த அணிவகுப்பிலிருந்து ஆட்டத்தைத் தொடங்கும் வழக்கம் கொண்டனர். மந்தம் என்ற முறையீடு நம் பிள்ளைகள் கண்டுபிடித்ததன்று!

15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் அந்த மந்திரி, எத்திசையும் பாயும் ராணியாக மாறியது. ஷத்ரஞ்ச் வழக்கொழிந்தது. ஆனால் அஸ்ஸூலி விட்டுச்சென்ற புதிர் ஒன்று அழியவில்லை. தம்மிடம் பயின்றோர் தவிர வேறெவரும் அதை விடுவித்ததில்லை என அவர் குறிப்பிட்டிருந்த அப்புதிரை, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் 1980களில் ரஷ்ய கிராண்ட்மாஸ்டர் யூரி அவெர்பாக் விடுவித்தார். அவர் அதற்குச் செய்தது ஒன்றே. ராணியை மறந்து, மந்திரியின் ஒற்றை அடியை மீண்டும் கற்றார்.

ஸூலியின் பலகை நமக்கு எழுத்தில் எஞ்சியது. அதனால் விடுவிக்க முடிந்தது. வீடியோ விளையாட்டுகளின் நிலை வேறு. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியானவற்றில் 87 விழுக்காடு இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கண்டறிந்தது. அரபுலகில் முஹம்மத் அஷ்ஷாரிக் 1980களில் குவைத்திலிருந்து ஸக்ர் என்னும் பெயரில் அரபு பேசும் வீட்டுக் கணினிகளை வெளியிட்டார். அவற்றில் பிள்ளைகள் ஆடினர். குர்ஆன் மென்பொருளும் அந்நிறுவனத்திலிருந்தே வந்தது. அஷ்ஷாரிக் 2024இல் மறைந்தார். அந்தக் கணினிகளை இயங்கும் நிலையில் வைத்திருப்போர் சில ஆர்வலர்களே. நம் கோவையின் அவிநாசி சாலையில் பழைய கார்களுக்கென அருங்காட்சியகம் ஒன்று 2015 முதல் இயங்கி வருகிறது. இயந்திரத்தின் அருமை அறிந்த ஊர் இது. மோட்டாரும் பம்ப்செட்டும் கிரைண்டரும் செய்து பிழைத்த ஊர். பழைய காரைத் துடைத்துவைக்கும் கைகள் பழைய ஆட்டத்தையும் ஒருநாள் துடைத்துவைக்கும் என எதிர்பார்ப்பது மிகையன்று. அதுவரை, பரண்களே நம் காப்பகங்கள்.

முடிவாக நம் கருத்து இது. பழையதெனத் தோன்றும் எதன்முன்னும் மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும். இதை உரிய கருவியில் காண்கிறோமா? இதற்குரிய பழக்கம் நம் கையில் உண்டா? இவ்விரண்டும் இருந்தும் குறை எஞ்சுகிறதா? மூன்றாம் வினாவுக்கு 'ஆம்' என்ற விடை வந்தபின்னரே ஒதுக்கும் உரிமை நமக்கு வருகிறது. அவ்விதம் ஒதுக்குவது அநீதியன்று. அதற்கு முன் ஒதுக்குவது, வாத்து விழவில்லை என்று துப்பாக்கியை எறிவதேயாகும்.

பெருநாள் விடுமுறை முடியுமுன் சிறுவன் மாரியோவின் மூன்றாம் உலகம்வரை சென்றுவிட்டான். அருகிலிருந்து, "இங்கே அழுத்திப் பிடி, அங்கே விடு" என்று சொல்லிக்கொடுத்தவர் அவன் தந்தை. நாமும் ஒருமுறை ஆடினோம். முதல் பூதத்திடமே மடிந்தோம். "பழசு இல்ல பெரியத்தா, கஷ்டம்" என்று அவன் நமக்கு ஆறுதல் சொன்னான். பழமை வேறு, அருமை வேறு என்னும் அப்பாகுபாட்டை நாம் வகுப்பறையில் இத்தனை ஆண்டுகள் செய்யாமலே மாணவரைக் கடிந்து வந்திருக்கிறோம்.

கல்லூரி திறந்த பின், முஅல்லகாப் பாடத்தின் முதல் நாளன்று நூலைத் திறக்கச் சொல்லவில்லை. நூலை மூடிவைக்கச் சொல்லி, கவிதையை நாமே உரத்து ஓதினோம்.